அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று?



சென்ற மாதம் வாலிபர் ஆராதனையில் நான் சொன்ன ஒரு சரித்திரம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதைப் பாதியிலே நிறுத்திவிட்டேன் என்பதை, ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்று உங்களுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்த வேளையில்தான் அறிந்தேன். மீதியைச் சொல்லவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. இவ்வாரத் தியானம் வழக்கத்தைவிட நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று வராதவர்களுக்காக முதலிலிருந்தே தொடங்குகிறேன். நம் சபையின் பிள்ளை ஒருத்தி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஏம்ஸ் என்னும் ஊரில் மேற்படிப்புப் படிக்கிறாள். அங்குள்ள பெரிய விளையாட்டரங்கத்தின் அருகே நிற்கும் ஒரு வாலிபனின் சிலையைப் படமெடுத்து எனக்கு அனுப்பி, "ஐயா, இவரைப் பற்றி வாசித்துப் பாருங்கள், பிரசங்கத்துக்கு உதவும்" என்று எழுதியிருந்தாள். பிரசங்கத்துக்கு உதவும் என்று யார் சொன்னாலும் போதகர்கள் விடமாட்டோம். அன்று இரவே வாசித்தேன்.

சிலையாய் நிற்பவர் ஜாக் டிரைஸ். 1902-ல் ஒஹையோ மாநிலத்தில் ஹைரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஹைரம் நம்மைப் போன்றவர்களுக்கு முற்றிலும் அந்நியமான பெயர் அன்று. கிறிஸ்துவின் சீடர்கள் என்னும் திருச்சபைப் பிரிவினர் 1850-ல் அங்கே ஒரு கல்விச்சாலையை நிறுவினார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஜனாதிபதியான கார்ஃபீல்டு, பிரசங்கியாராகவும் இருந்தவர், அக்கல்விச்சாலையின் தலைவராய் இருந்தார். அவ்வளவு படித்த ஊரிலும் கறுப்பின மக்கள் மிகச் சிலரே. ஜாக்கின் தகப்பனார் கிரீன் டிரைஸ் இராணுவத்தில் கறுப்பினப் படைப்பிரிவில் பணிபுரிந்தவர். மகன் சிறுவனாயிருக்கையிலேயே அவர் மரித்துப்போனார். தாய் ஆனாவும் மகனும் மட்டும் மீந்தார்கள்.

அந்தத் தாய் செய்த ஒரு காரியம் என்னைச் சிந்திக்க வைத்தது. பிள்ளையை ஊரைவிட்டுக் கிளீவ்லாந்து நகரத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஊரில் அவருக்குத் தீங்கு நேர்ந்தது என்பதற்காக அன்று. தன் இனத்து மக்களோடு அவர் பழக வேண்டும், ஒரு கறுப்பினப் பையனுக்கு உலகத்தில் என்னென்ன நேரிடும் என்பதை முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. இருக்கிற ஒரே பிள்ளையைத் தூரத்தில் வைத்துப் பழக்குகிற தாய்மை அது.

கிளீவ்லாந்தில் ஈஸ்ட் டெக்னிக்கல் உயர்நிலைப் பள்ளியில் ஜாக் கால்பந்து ஆடினார். (பின்னாளில் பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜெசி ஓவன்ஸ் படித்ததும் அதே பள்ளிதான்.) அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நம் பிள்ளைகள் மாலையில் ஆடும் ஆட்டம் அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவனை, எதிரணி உடலால் மோதித் தரையில் வீழ்த்தும் ஆட்டம். ஜாக் நின்ற இடம் முன்வரிசை, மோதல் மிகுந்த இடம். தோல் தொப்பி ஒன்றைத் தவிரப் பாதுகாப்பென்று பெரிதாய் எதுவும் இல்லாத காலம்.

அவருடைய பயிற்சியாளர் சாம் வில்லமன் 1922-ல் ஏம்ஸிலுள்ள அயோவா ஸ்டேட் கல்லூரிக்குப் போனபோது, ஜாக்கும் பள்ளித் தோழர் சிலரும் அவர் பின்னே போனார்கள். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின விளையாட்டு வீரர் ஜாக் டிரைஸ். ஆனால் பந்துக்காக மட்டும் அவர் அங்கே போகவில்லை. கால்நடை வளர்ப்பைப் பாடமாக எடுத்தார். படித்து முடித்ததும் தென் மாநிலங்களுக்குச் சென்று ஏழைக் கறுப்பின விவசாயிகளுக்குத் தாம் கற்றதைக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு முன்மாதிரி அதே கல்லூரியில் இருந்தது. அடிமையாய்ப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர், முதல் கறுப்பின ஆசிரியர். 1896-ல் டஸ்கிகீ சென்று, நிலக்கடலையையும் மண்வளத்தையும் பற்றி ஏழை விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தவர். ஜாக் அந்த வழியிலே நடக்க விரும்பினார். படிப்புச் செலவுக்காக உடற்பயிற்சிக் கூடத்தைச் சுத்தம் செய்யும் வேலையும் பார்த்தார். 1923-ம் ஆண்டு கோடையில் கோரா மே என்னும் பெண்ணை மணந்தார்.

அந்நாட்களில் பல கல்லூரிகள், "உங்கள் அணியில் கறுப்பினத்தவன் இருந்தால் அவனை விட்டுவிட்டு வாருங்கள், அப்போதுதான் ஆடுவோம்" என்று சொல்லும். இவர்களும் விட்டுவிட்டுப் போவார்கள். எழுத்தில் இல்லாத இந்த ஏற்பாட்டுக்குக் கனவான்களின் ஒப்பந்தம் என்று பெயர். கனவான்கள்! பாவத்துக்கு மரியாதையான பெயர் சூட்டுவதில் எல்லாத் தேசத்தாரும் ஒன்றுபோலத்தான் இருக்கிறோம்.

1923 அக்டோபர் 6-ம் தேதி மினியாபொலிஸ் நகரத்தில் மினசோட்டா பல்கலைக்கழக அணியோடு ஆட்டம். முந்தின இரவு தங்கும் விடுதியில், அவ்விடுதியின் தாளிலேயே ஜாக் தமக்குத் தாமே ஒரு கடிதம் எழுதினார். இதற்கு முன் சிம்ப்சன் கல்லூரியோடு ஓர் ஆட்டம் ஆடியிருந்தார்; என்றாலும் இதுதான் தம் வாழ்வின் முதல் உண்மையான ஆட்டம் என்று அதில் எழுதுகிறார். தம் இனத்தின் மானமும், குடும்பத்தின் மானமும், தம் மானமும் பணயத்தில் இருப்பதாக எழுதுகிறார். எல்லாரும் தம்மிடம் பெரிய காரியங்களை எதிர்பார்க்கிறார்கள், அப்படியே செய்வேன் என்கிறார். நாளைக்குத் தம் உடலையும் ஆவியையும் களத்தில் வாரி இறைத்துவிடுவதாகவும், ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் தம் பங்குக்கு மேலாகவே செய்ய முயல்வதாகவும் எழுதுகிறார். அதன் பிறகு ஆட்டக் குறிப்புகள்: தாழ்ந்து நின்று போராடு, கண்களைத் திறந்து வை, இன்ன இன்ன தந்திரங்களைக் குறித்து எச்சரிக்கையாயிரு. தொடக்கத்தில் நான், நான் என்று எழுதியவர், பாதிக்கு மேல் நீ, நீ என்று தம்மையே எதிரில் நிறுத்திப் பேசத் தொடங்கிவிடுகிறார். தனியாய் இருக்கும் மனிதன் அப்படித்தான் பேசுவான்.

மறுநாள் ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்துக்குள், இரண்டாம் நகர்விலேயே அவருடைய காறை எலும்பு முறிந்தது. அவர் வெளியே வரவில்லை. எலும்பு முறிந்தபடியே தொடர்ந்து ஆடினார். மூன்றாவது கால்பகுதியில், பந்தோடு வருபவனுக்கு வழிதிறந்துகொண்டு ஓடிவந்தவர்களின் கால்களுக்கு முன்னே தம்மை உருட்டி எறிந்தார். உருண்டு எழுந்திருக்க வேண்டியவர் மல்லாந்து விழுந்தார். எதிரணியினர் மூவர் அவர்மேல் மிதித்து ஓடினார்கள். வேண்டுமென்றே மிதித்தார்களா, ஓட்டத்தின் வேகத்தில் நேர்ந்ததா என்பதற்கு இன்றுவரை தீர்ப்பில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அவருடைய தோழர் ஒருவர், பார்த்தவர்களிலேயே ஒருவர் அசாதாரணமாய் எதுவும் நடக்கவில்லை என்றும், மற்றொருவர் அது கொலை என்றும் தம்மிடம் சொன்னதாக நினைவுகூர்ந்தார்.

மினியாபொலிஸ் மருத்துவமனையில் பார்த்தவர்கள், பயணம் செய்யலாம் என்று அனுப்பிவிட்டார்கள். இரயிலில் வைக்கோல் மெத்தையில் கிடத்தி ஏம்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 8, திங்கட்கிழமை. கோரா மே முதிர்வயதில் எழுதிய ஒரு கடிதத்தில் அந்தக் கடைசி நேரத்தைச் சொல்லியிருக்கிறார். அவர் அருகில் போய் அன்பாய் அழைத்தாராம். ஜாக் அவரைப் பார்த்தாராம், ஆனால் பேசவில்லையாம். கல்லூரி மணிக்கூண்டு மூன்று அடித்தது அவர் காதில் விழுந்ததாம். அவ்வளவுதான். ஜாக்குக்கு வயது 21.

மறுநாள் வகுப்புகளை நிறுத்தினார்கள். கல்லூரியின் நடுத்திடலில் ஏறக்குறைய 4,000 பேர் கூடினார்கள். பெட்டியின்மேல் கல்லூரியின் செந்நிறமும் பொன்னிறமுமான போர்வை. ஆராதனைக்குச் சற்று முன்புதான் அவருடைய கோட்டுப் பையிலிருந்து அந்தக் கடிதம் கிடைத்தது. கல்லூரித் தலைவர் ரேமண்ட் பியர்சன் அதைக் கூட்டத்தின் முன்னே வாசித்தார். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து 2,259 டாலர் திரட்டினார்கள், அடக்கச் செலவுக்கும் தாயின் வீட்டுக் கடனுக்கும்.

பிறகு மறந்தார்கள். 1924-ல் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு வெண்கலப் பலகை பதித்ததோடு சரி. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அதன்மேல் தூசி படிந்தது. 1973-ல் சார்ல்ஸ் சோன் என்னும் ஆங்கில ஆசிரியரின் முதலாண்டு வகுப்பு மாணவர்கள் அந்தப் பலகையின் பின்னணியைத் தேடத் தொடங்கினார்கள். புதிதாய்க் கட்டப்படும் அரங்கத்துக்கு ஜாக்கின் பெயரிட வேண்டும் என்று கேட்டார்கள். பெரியவர்கள் எளிதில் இசையவில்லை. 1984-ல் புல்தரைக்கு மட்டும் அவர் பெயர், அரங்கத்துக்கு வேறு பெயர் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். (நம் சபைக் கமிட்டியில் அமர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட தீர்மானங்கள் புதியவை அல்ல.) மாணவர்கள் ஓயவில்லை, தங்கள் நிதியிலேயே சிலையை எழுப்பினார்கள். 1997-ல் முழு அரங்கமும் ஜாக் டிரைஸ் விளையாட்டரங்கம் ஆயிற்று. முதல்நிலைக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு கறுப்பினத்தவரின் பெயரைத் தாங்கிய முதல் அரங்கம் அது. நூற்றாண்டையொட்டி, அவர் முடிக்காத கால்நடை வளர்ப்புப் பட்டத்தையும் பல்கலைக்கழகம் அவருக்கு வழங்கியது.

வாலிபர் ஆராதனையில் நான் இதை இந்த இடத்தில்தான் முடித்தேன். அந்தக் கடிதத்தின் கருத்தைத் தமிழில் சொல்லி, "உங்கள் பங்குக்கு மேல் செய்யுங்கள்" என்று வாலிபர்களுக்கு அறைகூவல் விடுத்து, ஜெபித்து உட்கார்ந்தேன். நல்ல செய்தி என்று பலரும் சொன்னீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வாசலில் கடைசியாக வந்தவர் நம் சபையின் ஒரு தாயார். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன், பெயரைக் குறிப்பிடவில்லை. கையைப் பற்றிக்கொண்டு, "அந்தத் தாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு ஐயா?" என்று கேட்டார். நான் விழித்தேன். "எந்தத் தாய்?" என்றுகூடக் கேட்டுவிட்டேன். "அந்தப் பையனுக்கு அப்பா இல்லைன்னு சொன்னீங்களே. அவனைப் பெத்தவங்க" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான் தேடவும் இல்லை. வீடுகடன் தீர்ந்த இடத்தில் அந்தத் தாயை விட்டுவிட்டு அரங்கத்துக்குப் போய்விட்டேன்.

குருமனைக்கு வந்து தேடினேன். கிடைத்தது. மகனை ஹைரம் ஊரில் அடக்கம்பண்ணிய பிறகு, ஆனா டிரைஸ் கல்லூரித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். ஜாக்கின் வாழ்விலும் மரணத்திலும் ஏதேனும் ஒன்று, ஏம்ஸில் படித்த, இனிப் படிக்கப்போகும் கறுப்பின மாணவர்களின் நன்மைக்கு உதவுமானால், அவர் வீணாய் வாழவில்லை, வீணாய் மரிக்கவில்லை என்று அதில் எழுதுகிறார். எந்த அடக்க ஆராதனையிலும் எந்தப் போதகரும் வாசிக்க விரும்பும் வாக்கியம். நானும் அதோடு கடிதம் முடிந்துவிட்டது என்றுதான் எண்ணினேன்.

முடியவில்லை. அடுத்த வரி "ஆனால்" என்று தொடங்குகிறது. ஆனால், தலைவர் அவர்களே, அவருக்குக் கிடைத்த மதிப்பைக் குறித்து நான் பெருமைப்பட்டாலும், எனக்கு இருந்ததெல்லாம் அவர் ஒருவர்தான்; நான் வயதானவள், தனிமையாயிருக்கிறேன்; இனி வரும் நாட்கள் இருண்டும் வெறுமையாயும் கிடக்கின்றன என்று எழுதி முடிக்கிறார்.

அந்த "ஆனால்" என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

வாசலில் கேள்வி கேட்ட அந்தத் தாயார் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தம் மகனை இழந்தவர். அந்த அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் பெற்ற பிள்ளை அவர். தகப்பன் இல்லை. தங்கையின் கலியாணக் கடனுக்காக வெளியூரில் இரண்டு வேலை பார்த்தார். இரவு வேலை முடித்து விடியற்காலையில் இருசக்கர வாகனத்தில் ஊருக்கு வரும் வழியில் உறக்கம் மேற்கொண்டது. நான் அன்று என்ன பிரசங்கித்தேன் என்று பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். "தன் குடும்பத்துக்காகத் தன் பங்குக்கு மேல் செய்த பிள்ளை, அவர் மரணம் வீணல்ல." என் கையெழுத்து. அந்தத் தாயார் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையசைத்தது நினைவிருக்கிறது. ஆறுதலடைந்தார் என்று எண்ணி நான் திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். போதகர் பேசுகையில் சபையில் ஒரு தாய் தலையசைக்காமல் வேறென்ன செய்வாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பங்குக்கு மேல் என்று இரு இடத்திலும் வருகிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜாக்கோடு அந்தக் களத்தில் இறங்கிய வெள்ளைக்காரத் தோழர்களுக்குத் தங்கள் பங்கு மட்டும் போதுமானதாயிருந்தது. அவர்களில் ஒருவன் காறை எலும்பு முறிந்து வெளியே போயிருந்தால், ஒரு வீரனுக்கு எலும்பு முறிந்தது என்று எழுதியிருப்பார்கள். ஜாக் வெளியே போயிருந்தால், அந்த இனத்தான் தாங்கமாட்டான் என்று எழுதியிருப்பார்கள். அது அவருக்குத் தெரியும். இனம், குடும்பம், தான் என்று எழுதிய வரிசையிலேயே தம்மைக் கடைசியில்தான் வைத்தார். அவர் காட்டிய தைரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒருவன் தன் பங்குக்கு மேல் செய்தால்தான் மனிதனாய் எண்ணப்படுவான் என்னும் நிலைமை தைரியத்தின் காரியமன்று, அநீதியின் காரியம். மிதித்த மூன்று பேரும் வேண்டுமென்று மிதிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், முறிந்த எலும்போடு அவரைக் களத்தில் நிற்கவைத்தது எது என்ற கேள்வி நிற்கிறது. நான் அந்த அநீதியைப் பிரசங்கத்தில் ஒரு நற்குணமாக்கி, நம் பிள்ளைகளின் தோளில் ஏற்றிவிட்டேன்.

அந்தச் சுமை எனக்குத் தெரியாததுமல்ல. எங்கள் கிராமத்திலிருந்து இறையியல் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வழியனுப்பும் ஜெபத்தில் எங்கள் உபதேசியார் என் தலையில் கைவைத்து, "நம்ம ஊர் மானம் உன் கையில இருக்கு" என்றார். அன்புள்ளவர், மனதார ஆசீர்வதித்தார். முதல் பருவத் தேர்விலேயே கிரேக்கத்தில் தோற்றேன். மூன்று மாதம் வீட்டுக்குக் கடிதம் போடவில்லை. ஒரு பாடத்தில் தோற்ற 21 வயதுப் பையன், ஓர் ஊரையே தோற்கடித்துவிட்டதாக எண்ணி இரவில் விடுதி மொட்டைமாடியில் நின்றதைப் பலருக்குச் சொன்னதில்லை. அம்மா பிறர் கையால் எழுதவைத்து அனுப்பிய அட்டையில் இரண்டே வரி: சாப்பிட்டாயா, விடுமுறைக்கு எப்போது வருவாய். அவர் ஊர் மானத்தைக் கேட்கவில்லை.

இரண்டாம் சாமுவேல் 18, 19-ம் அதிகாரங்களை இந்த வாரம் மீண்டும் வாசித்தேன். தாவீது தன் குமாரனுக்காக வாசலின் மேல்வீட்டில் ஏறி அழுகிறான். யோவாப் வந்து கடிந்துகொள்கிறான். யோவாப் சொல்வதில் அரசியல் நியாயம் எல்லாம் இருக்கிறது. யுத்தம் ஜெயம், ஜனங்கள் காத்திருக்கிறார்கள், எழுந்து போய் அவர்களோடே பேச வேண்டும். ராஜா எழுந்து போகிறான். நான் வெகுகாலமாய் இந்தப் பகுதியை யோவாபின் பக்கம் நின்றே பிரசங்கித்திருக்கிறேன் என்பதை இப்போது காண்கிறேன். அடக்க வீட்டில் "வீணல்ல" என்று அவசரமாய்ச் சொல்லும் போதகன் யோவாபின் வேலையைத்தான் செய்கிறான்.

நாயீன் ஊர் வாசலில் நம்முடைய ஆண்டவர் அப்படிச் செய்யவில்லை. லூக்கா அந்தப் பெண்ணைப் பற்றி நமக்குச் சொல்வது இரண்டே செய்தி: அவள் விதவை, மரித்தவன் அவளுக்கு ஒரே மகன். ஆனா டிரைஸைப் பற்றிச் சொன்னாலும் அவ்விரண்டையும்தான் சொல்ல வேண்டும். ஆண்டவர் பாடையைத் தொடுமுன்னே அவளைப் பார்த்தார் என்று லூக்கா எழுதுகிறார், பார்த்து, மனதுருகினார். அவன் எதற்காக மரித்தான், அதனால் யாருக்கு என்ன நன்மை என்று அவர் கேட்டதாகவோ விளக்கியதாகவோ ஒரு வார்த்தை இல்லை. மகனை எழுப்பியபின் அவனை அவன் தாயினிடத்தில் ஒப்புவித்தார் என்று முடிகிறது. ஊருக்கென்று அன்று, தாய்க்கு. ஏம்ஸில் யாரும் எழுப்பப்படவில்லை, நம் ஊரிலும் எழுப்பப்படவில்லை. உயிர்த்தெழுதலை நான் விசுவாசிக்கிறேன். அதை ஒவ்வொரு கல்லறைக்கு முன்னும் அறிக்கையிடுகிறேன். அந்த நாள் வரும்வரைக்கும் அந்தத் தாயைப் பார்ப்பது யார் வேலை என்பதுதான் என்னை உறுத்தியது.

ஆனா தம் கடிதத்தின் முதல் வாக்கியத்தைப் பொய்யாய் எழுதவில்லை. அதுவும் அவருடைய இருதயத்திலிருந்து வந்ததுதான். ஏம்ஸில் ஒவ்வொரு ஆட்ட நாளிலும் ஆயிரமாயிரம் பேர் அவர் மகனின் பெயருள்ள வாசலைக் கடந்து போவதைக் கண்டால் அவர் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். பெருமையையும் வெறுமையையும் ஒரே தாளில், ஒன்றைக்கொண்டு மற்றொன்றை மூடாமல் அவர் எழுதினார். முப்பது ஆண்டுகளாய் ஊழியம் செய்யும் எனக்கு அது வரவில்லை.

சென்ற வியாழக்கிழமை மாலை அந்தத் தாயார் வீட்டுக்குப் போனேன். ஆனாவின் கடிதத்தைத் தமிழில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து வாசித்தேன். முதல் வாக்கியத்துக்குத் தலையசைத்தார், ஒன்பது ஆண்டுக்கு முன் அசைத்ததைப் போலவே. "ஆனால்" வந்ததும் தலை நின்றுவிட்டது. முடித்ததும், "கடைசியை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க ஐயா" என்றார். வாசித்தேன்.

நான் அன்று அடக்க ஆராதனையில் சொன்னதை நினைவூட்டி, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அம்மா என்றேன். "நீங்க நல்லதுதான் சொன்னீங்க. எனக்குத்தான் ஏறலை" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அவர் மகனுக்குக் காப்பியில் சர்க்கரை மிகுதியாய் வேண்டுமாம். பள்ளியில் படிக்கும்போது தெரியாமல் கருப்பட்டியை எடுத்துத் தின்று, எறும்பின்மேல் பழி போடுவாராம். முதல் சம்பளத்தில் வாங்கித்தந்த சேலையின் நிறம் தமக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்று சொல்லிச் சிரித்தார். வேலைக்குப் போகாதே, உறங்கிவிட்டு வா என்று முந்தின இரவு தொலைபேசியில் சொல்லாமல் போனேனே என்று அழுதார். இவற்றில் ஒன்றும் என் குறிப்பேட்டில் இல்லை. ஒன்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், ஒருமுறையும் கேட்டதில்லை.

ஆலய மணி ஏழு அடித்தது. இன்னொரு வீட்டுக்கு வருவதாய்ச் சொல்லியிருந்தேன். வழக்கம்போல் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஜெபித்துவிட்டுப் புறப்படட்டுமா அம்மா?" என்றேன்.

"நான் இன்னும் சொல்லி முடிக்கலையே ஐயா" என்றார்.

மறுபடியும் உட்கார்ந்தேன்.